ஏம்பலம் பள்ளிக்கூடத்துப் பதில்

அத்தியாயம் பதினான்கு

தேர் வடத்தைப் பிடித்து நிற்க ஒரு மனுஷனுக்கு எவ்வளவு இடம் வேண்டும்? இரண்டு கை அகலம் போதும். அந்த இரண்டு கை அகலம் இந்த வருஷம் தனக்கு இல்லை என்று தெரிந்ததும் தங்கவேல் வாத்தியாருக்குக் காலையிலேயே வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது.

வில்லியனூர்த் தேர் சாதாரணத் தேர் இல்லை. புதுச்சேரியிலிருந்து கொவர்னர் துரை மோட்டாரில் வந்து இறங்கி, தொப்பியைக் கழற்றிப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டு, முதலில் வடத்தைத் தொடுவார். அவருக்குப் பின்னால் ஊர்ப் பெரியவர்கள். அந்த வரிசையில் கரும்புத் தோட்டத்து உலகநாதனுக்கு ஓர் இடம் உண்டு. கூட ஒரு மாப்பிள்ளையையும் நிறுத்திக்கொள்ளலாம். பதினொரு வருஷமாக அந்த மாப்பிள்ளை தங்கவேல்தான். மூத்த மாப்பிள்ளை இருக்கும்போது வேறு யார் நிற்பது?

இந்த வருஷம் உலகநாதன் சின்ன மாப்பிள்ளையை அழைத்துக்கொண்டு போனார். துரை ஏதாவது கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்ல ஆள் வேண்டுமாம். தங்கவேலுக்கும் பிரெஞ்சு தெரியும். பாகூர்ப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபது வருஷமாக அதைத்தான் அவர் கற்றுக்கொடுத்து வருகிறார். அதை மாமனாரிடம் எடுத்துச் சொல்லிக்கொண்டு நிற்க முடியுமா? "அதுக்கென்ன மாமா" என்று சிரித்துவிட்டு, கூட்டத்தோடு கூட்டமாக நின்றார்.

துரை ஒன்றும் கேட்கவில்லை. சின்ன மாப்பிள்ளை சிவப்பிரகாசத்தைப் பார்த்து லேசாகத் தலையை மட்டும் அசைத்தார். அந்த அசைவைத் தங்கவேல் இருபது அடி தூரத்திலிருந்து பார்த்தார். அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

சகலை மேல் சகலைக்கு வருகிற பொறாமை அண்ணன் தம்பிக்குள் வருவதைவிட மோசமானது. அண்ணன் தம்பியாவது ஒரு தாய் வயிற்றில் பிறந்தவர்கள், சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். சகலைகள் ஒரே மாமனார் வீட்டில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து, யாருக்கு முதலில் நெய் விழுகிறது என்று பார்த்துக்கொண்டே சிரித்துப் பேச வேண்டும்.

சிவப்பிரகாசம் பிரான்சு தேசத்துச் சர்வகலாசாலை ஒன்றில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறான். கலாசாலைகளை எப்படி நடத்த வேண்டும், அவற்றின் தலைவர்கள் எப்படிப்பட்டவர்களாக இருக்க வேண்டும், நம் கிராமத்துப் பிள்ளைகள் ஏன் அங்கே வந்து சேருவதே இல்லை என்பதுதான் விஷயம். ஒன்பது கேள்விகளை அச்சடித்து வில்லியனூர், பாகூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடங்கள் முப்பத்தொன்றுக்கும் அனுப்பி, ஒவ்வொரு வாத்தியாரிடமும் பதில் வாங்கியிருக்கிறான். காகிதங்களைக் கொண்டுபோய்க் கொடுத்துத் திரும்ப வாங்கித் தரும் பொறுப்பை மரியாதையாகத் தன் சகலையிடமே ஒப்படைத்தான்.

அந்த முப்பத்தொரு காகிதத்துக்கு என்ன ஆயிற்று என்பது நமக்குத் தெரியும். சிவப்பிரகாசத்துக்குத் தெரியாது.

அச்சடித்த காகிதத்தைப் பார்த்ததும் வாத்தியார்கள் நடுங்கிப்போனார்கள். இது இன்ஸ்பெக்டர் வைத்த பொறி, ஏதாவது எழுதிவைத்தால் மாற்றல் வந்துவிடும் என்று ஊருக்கு ஊர் பேச்சு. ஒருவர் பின் ஒருவராகத் தங்கவேலிடம் வந்து, "பெரிய வாத்தியாரே, நீங்களே வம்பு இல்லாம எழுதிடுங்க, நாங்க கையெழுத்து மட்டும் போடறோம்" என்று கெஞ்சினார்கள். பெரிய வாத்தியார் என்று கூப்பிட்டதில் தங்கவேலுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. முப்பத்தொன்றையும் அவரே எழுதினார். மணிக்கட்டு வலித்தபோது, எழுத்தும் வேறுபட்டுத் தெரியட்டுமே என்று மனைவி கனகாம்பாளை உட்காரவைத்துச் சொல்லச் சொல்ல எழுதவைத்தார்.

அப்போது அதில் கெட்ட எண்ணம் இல்லை. கெட்ட எண்ணம் பிறகுதான் வந்தது. சிவப்பிரகாசம் அந்தப் பதில்களை வைத்து அட்டவணை போட்டு, "முப்பது பேரும் ஒழுக்கம், கண்டிப்புன்னு ஒரே குரல்ல சொல்றாங்கண்ணே. இவ்ளோ ஒற்றுமையை நான் எதிர்பார்க்கல" என்று பூரித்த அன்றே தங்கவேல் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டார். போகட்டும், அங்கே பண்டிதர்கள் சபையில் நிற்கவைத்துக் கேட்கும்போது மாட்டிக்கொண்டு முழிக்கட்டும் என்று ஓர் ஆசை. இன்றைக்குத் தேரடியில் நின்றபோதும் அந்த ஆசைதான் அவருக்கு ஆறுதலாக இருந்தது.

சனிக்கிழமை சிவப்பிரகாசம் மனைவியோடு பிரான்சுக்குக் கப்பல் ஏறுகிறான். இன்றைக்கு வியாழன்.

மாமனார் வீட்டில் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் சிவப்பிரகாசம் சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தான். நேற்றுத்தான் வந்ததாம். எல்லாரும் கூடியிருக்கும்போது சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தானாம். அவன் மனைவி வேலம்மாள் வெற்றிலைத் தட்டோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் முகத்தில் இருந்த பெருமையைப் பார்க்கப் பிடிக்காமல் தங்கவேல் விட்டத்தைப் பார்த்தார்.

கடிதம் பேராசிரியரிடமிருந்து வந்தது. மொழிபெயர்த்து அனுப்பிய பதில்களில் முப்பதைப் பற்றி அவர் அதிகம் சொல்லவில்லை. தலைவர் எப்படி இருக்க வேண்டும் என்ற ஏழாவது கேள்விக்கு ஏம்பலம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பதிலைப் பற்றித்தான் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தார். கலாசாலைத் தலைமையைப் பற்றித் தாம் படித்த பெரிய புத்தகங்களில் இல்லாத யோசனை அது என்றும், ஆராய்ச்சி முழுவதையும் அந்த ஒரு பதிலின் மேல் எழுப்பலாம் என்றும், எழுதியவர் பெயரை நூலின் முதல் பக்கத்திலேயே அச்சிட வேண்டும் என்றும் சொல்லியிருந்தார்.

"அப்படி இன்னா எழுதிக்கீறாரு, படிங்க மாப்ள, கேப்போம்" என்றார் உலகநாதன்.

சிவப்பிரகாசம் காகிதக் கட்டுக்குள்ளிருந்து மூலக் காகிதத்தை உருவி வாசித்தான்.

"கலாசாலைக்கு வந்த பிள்ளைகளை அதன் தலைவர் எண்ணுகிறார். வராத பிள்ளைகளை யார் எண்ணுவது? எங்கள் பக்கத்தில் ஒரு பெண் பள்ளிப் படிப்பு முடிவில் எழுதும் செர்த்திபிகா பரீட்சைக்கு வருஷம் முழுவதும் படித்தாள். பரீட்சை அன்று காலையில், வீட்டில் விசேஷம் வருகிறது, நெல் அவிக்க ஆள் போதாது என்று நிறுத்திக்கொண்டார்கள். அடுத்த வருஷம் அவளை யாரும் கேட்கவில்லை. வருஷத்துக்கு ஒரு நாளாவது தலைவர் நாற்காலியை விட்டு எழுந்து அப்படி நின்றுபோனவர்களின் வாசலுக்கு வந்து, ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டும். கேட்டால் சொல்வார்கள்."

"பாவம், யாரோ அந்தப் பொண்ணு" என்றாள் வேலம்மாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"அந்தப் பொண்ணு அப்பவே வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம் இல்ல?" என்றார் உலகநாதன்.

அடுப்பங்கரை நிலையில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்த கனகாம்பாள் உள்ளே போய்விட்டாள்.

தங்கவேலுக்கோ முதலில் சந்தோஷம். தான் எழுதியதை ஒரு பிரெஞ்சுப் பேராசிரியர் ஒரு பக்கம் முழுக்கப் புகழ்ந்திருக்கிறார்! இருபது வருஷத்தில் ஒரு இன்ஸ்பெக்டரும் ஒரு வரி நல்லதாக எழுதியதில்லை. எழுதிய நினைவு சரியாக இல்லைதான். முப்பத்தொன்றை ஒன்பது நாளில் எழுதினால் எல்லாம் எங்கே நினைவிருக்கும்? தன்னுள்ளே இப்படி ஒரு யோசனை இருந்திருக்கிறதே என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டார்.

அடுத்த நொடியே சந்தோஷம் வடிந்துபோயிற்று. அச்சில் வரப்போவது ஏம்பலம் வாத்தியார் இருசப்பனின் பெயர். வருகைப் பதிவைக்கூட மூத்த மாணவனை விட்டு எழுதவைக்கும் இருசப்பன்! அது என்னுடையது என்று கத்த வேண்டும்போல இருந்தது. கத்தினால் மற்ற முப்பதும் கூடவே வெளியே வரும். சகலையின் ஆராய்ச்சி கவிழும். அது கவிழ வேண்டும் என்றுதானே இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தார்? ஆனால் கவிழ்த்தது யார் என்று கேட்டால் மாமனார் வீட்டில் பிறகு எந்த இலையில் உட்காருவது?

இது போதாதென்று தேர் பார்க்க வந்த இருசப்பனைச் சிவப்பிரகாசம் நீர்மோர்ப் பந்தலில் கண்டுபிடித்து வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டான்.

உள்ளே வரும்போது இருசப்பனுக்கு முகம் வெளுத்திருந்தது. மாட்டிக்கொண்டோம் என்றே நினைத்தார். தங்கவேலைப் பார்த்துக் கண்ணாலேயே என்ன சங்கதி என்று கேட்டார். தங்கவேல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் சிவப்பிரகாசம் கை கூப்பி, நாற்காலி போட்டு, பேராசிரியர் எழுதியதைச் சொல்லச் சொல்ல, இருசப்பன் முகத்தில் மெல்ல இரத்தம் ஓட ஆரம்பித்தது. கரும்புச் சாறு வந்தது. உலகநாதன் தன் கையாலேயே வெற்றிலை மடித்துக் கொடுத்தார். அவர் கையால் வெற்றிலை வாங்கத் தங்கவேலுக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம் ஆயிற்று.

"ஏதோ மனசுல பட்டுது, எழுதனேன்" என்றார் இருசப்பன், பாக்கை மென்றபடி. "நம்மளால முடிஞ்சது."

சிவப்பிரகாசம் குனிந்து ஆவலோடு கேட்டான். அந்தப் பெண்ணைப் பார்க்க முடியுமா? பேராசிரியர் அவள் வாய்மொழியை எழுதி, கையெழுத்து வாங்கிக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.

இருசப்பன் ஒரு நிமிஷம் மெல்லுவதை நிறுத்தினார். பிறகு தாராளமாகச் சொன்னார்: "அதுக்கின்னா, நாளைக்கே வாங்க. பாத்துட்டாப் போவுது."

தங்கவேலுக்குப் புரிந்துவிட்டது. இந்த ஆள் ஊருக்குப் போய் எவளையாவது பிடித்து, சொல்ல வேண்டியதை ஒப்பிக்கப் பழக்கி, நாளைக் காலையில் கொண்டுவந்து நிறுத்திவிடுவார். அதுவும் அச்சில் ஏறும். பெயர், புகழ், வெற்றிலை எல்லாம் இருசப்பனுக்கே. தாங்க முடியாமல் எழுந்து தோட்டத்துப் பக்கம் போனார்.

கிணற்றடியில் கனகாம்பாள் சோற்று அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அதற்கென்று வேலையாள் இருந்தும் அவளே உட்கார்ந்து தேய்த்தாள்.

தங்கவேல் கொட்டித் தீர்த்தார். தன் சரக்கை இருசப்பன் சொந்தச் சரக்காக விற்றுக்கொண்டிருக்கிறான், நாளைக்கு எவளையோ பிடித்து அந்தப் பெண் இவள்தான் என்று நிறுத்தப்போகிறான், மாமனாருக்கும் கண் இல்லை, சகலைக்கும் புத்தி இல்லை, இந்த வீட்டில் தன் அருமை தெரிந்தவர்கள் யாருமே இல்லை என்று மூச்சுவிடாமல் சொன்னார். அவர் முடிக்கிற வரைக்கும் கனகாம்பாள் சாம்பலைத் தொட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"அதை நீங்க எழுதல" என்றாள்.

"இன்னா?"

"அன்னிக்கு ஞாயித்துக்கெழம. சாப்ட்டுட்டு ஆறாவது கேள்வி வரைக்கும் சொன்னீங்க. ஏழாவதுக்கு, வழக்கம்போல போடுன்னுட்டு தூங்கிட்டீங்க." அவள் நிமிர்ந்து பார்த்தாள். "வழக்கம்போல போட எனக்கு மனசு வரல."

தங்கவேல் துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

சகலை மேல் பொறாமைப்படுவது அவருக்குப் பழக்கமாகிவிட்டது. இருசப்பன் மேல் பொறாமைப்பட ஒரு மணி நேரமாகப் பழகியிருந்தார். கட்டிய மனைவி மேல், அண்டா தேய்க்கிறவள் மேல், எப்படிப் பொறாமைப்படுவது என்றே அவருக்குத் தெரியவில்லை. ஆனாலும் பொறாமை வந்துவிட்டது, அதுவும் மற்ற இரண்டையும்விடக் கூடுதலாகவே வந்தது. தன்னைத் தானே மெச்சிக்கொண்டதை நினைக்கக் கூச்சமாக இருந்தது.

"எனக்கு ஏன் காட்டல?"

"கையெழுத்து வாங்க எடுத்துக்கினு போனது நீங்கதானே. ஒரு வாட்டி படிச்சிருக்கலாம்."

தங்கவேலுக்கு வேறு வழி தோன்றியது. குரலைத் தாழ்த்தி, நானே எழுதி இருசப்பனிடம் கொடுத்தேன் என்று சொல்லிவிடுகிறேன், அந்த ஒரு காகிதம் மட்டும்தான் என்றால் சிவப்பிரகாசம் ஒன்றும் நினைக்க மாட்டான், அதில் பாதி உண்மைதானே என்றார்.

"எந்தப் பாதி?" என்றாள் கனகாம்பாள்.

அண்டாவைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவள் அவர் முன்னால் வந்து நின்றாள். பேசும்போது குரல் உயரவில்லை.

"அந்த நெல்லு எதுக்குன்னு தெரியுமா உங்களுக்கு? வேலம்மா காதுகுத்துக்கு. அம்மா செத்து ஒரு வருஷம். நாப்பது மரக்கா அவிச்சேன். பள்ளிக்கூடத்துல எல்லாரும் வண்டி ஏறிப் போயிட்டாங்க. அப்புறம் அவளுக்குப் படிப்பு, பிரெஞ்சு, படிச்ச மாப்பிள்ள, இப்ப கப்பலு. எனக்கு அவ மேல பொறாம இருக்குது. இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா இருபது வருஷமா வாயத் தொறக்கல. இன்னிக்கு என் எதிர்லயே, பாவம் யாரோன்னு சொல்றா."

"இப்ப சொல்லி இன்னா ஆவப்போவுது கனகம்? உன் பேரையா போடப்போறாங்க?"

"என் பேரு வேணாம். இருசப்பன் பேரும் வேணாம். இன்னொரு பொண்ணக் கொண்டாந்து நிறுத்தி, நான்தான் நெல்லு அவிச்சேன்னு சொல்லவெக்கப் போறாங்களாமே. அத மட்டும் என்னால பாத்துக்கினு இருக்க முடியாது."

உள்ளேயிருந்து சிவப்பிரகாசத்தின் குரல் வந்தது. காலையில் ஐந்து மணிக்கே வண்டி கட்டிவிடலாம், ஏம்பலத்துக்கு நீங்களும் கூட வரவேண்டும் அண்ணே என்று அழைத்தான்.

கனகாம்பாள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நடந்தாள். தங்கவேல் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவள் நிற்கவில்லை. அவரும் பின்னாலேயே ஓடினார்.

ஆண்கள் உட்கார்ந்திருக்கும் கூடத்துக்கு நடுவில் அவள் வந்து நின்றதே அந்த வீட்டில் புதிதாக இருந்தது. உலகநாதன் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"ஏம்பலத்துக்கு வண்டி கட்ட வேணாம் தம்பி" என்றாள். "பரீட்சைக்குப் போவாம நெல்லு அவிச்ச பொண்ணு நான்தான்."

"இன்னாடி சொல்ற நீ?" என்றார் உலகநாதன்.

"வேலம்மா காதுகுத்துக்குப்பா. சமையக்கட்டுல ஆளு இல்ல, இன்னிக்கு ஒரு நாளு போவாதன்னு சொன்னீங்க. நீங்க மறந்துட்டீங்க. கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன், யாரும் கேக்கல."

வேலம்மாள் வெற்றிலைத் தட்டைக் கீழே வைத்தாள். அக்காவைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

சிவப்பிரகாசத்துக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. "சரி அண்ணி, ஆனா இந்த விஷயம் இருசப்பன் வாத்தியாருக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"அவருக்குத் தெரியாது. அத எழுதுனது நான்."

இருசப்பன் நாற்காலியிலிருந்து எழுந்தார். ஊருக்குப் போக நேரமாகிவிட்டது, மாடு கட்ட ஆள் இல்லை என்று ஏதோ முணுமுணுத்தார். யாரும் அவரை இருக்கச் சொல்லவில்லை, போகச் சொல்லவும் இல்லை. அவர் செருப்பைத் தேடிக்கொண்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார்.

சிவப்பிரகாசம் ஆராய்ச்சிக்காரன். ஒரு காகிதத்தை எழுதியவர் வேறு என்றால் அடுத்த காகிதத்தையும் எடுத்துப் பார்க்கிற புத்தி அவனுக்கு உண்டு. காகிதக் கட்டைத் தரையில் வைத்து நூலை அவிழ்த்தான். ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாகப் பரப்பினான். எல்லாவற்றிலும் ஏழாவது கேள்வியை மட்டும் படித்துக்கொண்டே போனான். ஒழுக்கம், கண்டிப்பு. கண்டிப்பு, ஒழுக்கம். எழுத்து கொஞ்சம் சாய்ந்திருந்தது, கொஞ்சம் நிமிர்ந்திருந்தது, வாக்கியம் மாறவில்லை. பாதி படிப்பதற்குள் அவன் கை மெதுவாகிவிட்டது.

தங்கவேல் தோட்டத்து நிலைப்படியிலேயே நின்றிருந்தார். இத்தனை மாதமாக அவர் ஆசைப்பட்ட முகம் இதுதான். பிரான்சில் பண்டிதர்கள் பார்க்க வேண்டிய முகத்தை வில்லியனூரில் மாமனார் வீட்டுக் கூடத்திலேயே பார்த்துவிட்டார். சந்தோஷம் வரும் என்று காத்திருந்தார், வரவில்லை.

சிவப்பிரகாசம் நிமிர்ந்தான்.

"அண்ணி ஒண்ணு எழுதுனாங்க. மீதி முப்பதையும் யாரு எழுதுனது அண்ணே?"

காலையிலிருந்து தங்கவேல் விரும்பியபடியே, வீட்டில் எல்லாரும் அவர் ஒருத்தரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.